டவர் பாறையில் ஒரு கருத்தரங்கு

மடிக்கணினித் திரையில், கருத்தரங்குக்குத் தலைமை தாங்கிய பேராசிரியரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்திருந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யப் போன கை பாதி வழியில் நின்றது.

"ஹலோ, நான் பேசுவது கேட்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். கை இறங்கவில்லை.

அவர் இருந்தது ஐரோப்பாவில், ஒரு பெரிய மண்டபத்தில். அவருக்கு எதிரே கருந்துளைகளைப் பற்றிக் கணக்குப் போடுகிறவர்கள் காலைக் காபிக் கோப்பைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் இருந்தது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூரின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு பாறை மேல். அதில் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அதனால் ஊரில் அதற்கு டவர் பாறை என்று பெயர்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னபாப்பா குடை பிடித்து நின்றாள். எனக்கல்ல, மடிக்கணினிக்கு.

"இன்னாக்கா, கட் ஆய்ட்ச்சா?"

"ஆமா பாப்பா. கட் ஆயிடுச்சு."

அப்படித்தான் நான் நம்பினேன்.

புளி வாசனை அடித்த வீடு

இந்தத் தொடரைப் படிக்கும் வாணியம்பாடி வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "கல்லூரி விடுதி, வெளிநாட்டுப் பனி எல்லாம் எழுதினீர்கள். அந்தக் கருந்துளையில் அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே?"

பார்க்கவில்லை என்பதுதான் பதில். தொலைநோக்கியில்கூட நான் எதையும் பார்த்ததில்லை. என் வேலை முழுக்கக் காகிதத்திலும் பென்சிலிலும் நடப்பது. நாள் முழுக்க எழுதி, மாலையில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்திருப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வேலை மாதிரியே தெரியாது.

மலைக்கு வந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு. என்னோடு சேர்ந்து கணக்குப் போட்ட ரகுநாதன் இறந்த பிறகு, ஆராய்ச்சி நிறுவனத்தில் என் அறைக்குப் போய் உட்கார முடியவில்லை. நாற்காலி, கரும்பலகை, ஜன்னல் எல்லாம் அப்படியே இருந்தன. கணக்கு மட்டும் ஓடவில்லை. ஓராண்டு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

என் சொந்த ஊர் ஆலங்காயம். அங்கே என் மாமன் மகன் புளி வியாபாரம் செய்கிறான். மலையில் வாங்கும் புளியைப் போட்டு வைக்க நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஓட்டு வீடு கட்டியிருந்தான். "அங்க ஒரு ஈ காக்கா வராது. உனுக்கு அதானே வேணும்?" என்று சாவியைக் கொடுத்தான்.

எனக்கு அதுவா வேண்டியிருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் போனேன். சுவரெல்லாம் புளி வாசனை. மழை பெய்தால் அந்த வாசனை ஈரமாகி, வாய் தானாக ஊறும். முதல் வாரம் அந்த ஊறலைத் தவிர என் உடம்பில் எதுவும் நடக்கவில்லை.

பக்கத்து வீடு சின்னபாப்பாவுடையது. சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் போடும் குடும்பம். அவள் கணவர் குடகு மலைக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் விடுதியில் படித்தார்கள். ஆக, சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அந்தப் பக்கம் அவள் ஒருத்தி. அவள் வீட்டில் ரேடியோ பாடுவது கேட்கும். என் வீட்டிலிருந்து அவளுக்கு என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

சுவரும் வேலியும் இல்லாத எல்லை

அந்த வாசகிக்காக, இரண்டு பத்தியில் சொல்லிவிடுகிறேன்.

மிகப் பெரிய நட்சத்திரம் எரிந்து முடிந்து, தன் எடை தாங்காமல் உள்ளுக்குள்ளேயே நொறுங்கினால், ஒளிகூட வெளியேற முடியாத ஓர் இடம் உண்டாகலாம். அதுதான் கருந்துளை. அதைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. சுவரோ வேலியோ பெயர்ப்பலகையோ கிடையாது. தாண்டுகிறவருக்குத் தாண்டியதே தெரியாது. ஆனால் தாண்டியபின் அவர் அனுப்பும் எதுவும் வெளியே வராது.

அந்தக் கருந்துளையும் மிக மெல்லிய வெப்பத்தைக் கசியவிடும் என்கிறது கணக்கு. கசியக் கசிய இளைக்கும். நினைத்துப் பார்க்க முடியாத காலத்துக்குப் பிறகு இல்லாமலே போகும். அப்படியானால் உள்ளே விழுந்தது என்ன ஆயிற்று? ஒரு புத்தகத்தை எரித்தால், புகை, சாம்பல், ஒளி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சேர்த்து அதில் இருந்த எழுத்தை மீட்கலாம். கொள்கையளவில் அது முடியும் என்கிறது குவாண்டம் இயற்பியல். கருந்துளைக்குள் விழுந்த புத்தகத்துக்கும் அது பொருந்துமா? கசியும் வெப்பத்தில் அந்த எழுத்தின் தடயம் இருக்குமா, இல்லை சுத்தமாக அழிந்துபோகுமா?

இருக்கும் என்பது என் கட்சி. ரகுவின் கட்சி வேறு. "அழிஞ்சிபோச்சுன்னு நான் சொல்லல. இருக்குதுன்னு சொல்ற உன் கணக்கு நிக்கலன்னுதான் சொல்றேன்" என்பார்.

செவ்வாய்க்கிழமைச் சண்டை

ரகுவை நான் முதலில் சந்தித்தது ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில். எல்லோரும் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க, எனக்கு முன்னால் நின்றவர் கோப்பையை வாயில் வைத்துவிட்டு, "இன்னா இது, டீயா வெந்நியா?" என்று தனக்குத்தானே முனகினார். நான் சிரித்துவிட்டேன்.

"நீங்க வேலூர் பக்கமா?" என்றேன்.

"கண்ணமங்கலம். நீங்க?"

"ஆலங்காயம்."

அவ்வளவுதான். அன்று தொடங்கிய பேச்சு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அவர் கண்ணமங்கலத்திலேயே இருந்து, வேலூரில் வேறொரு நிறுவனத்துக்குப் போய்வந்தார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் போன் செய்வார். நலமா என்றுகூடக் கேட்க மாட்டார். "அந்த நடுப்படி இருக்குதே, அது எப்படி வந்துச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார். சத்தம் ஏறும். சில வாரம் நான் போனை வைத்துவிடுவேன். அடுத்த செவ்வாய் மறுபடி மணி அடிக்கும்.

குவாண்டம் ஈர்ப்பைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் விவாதித்திருக்கலாம். "இன்னா", "எதுக்கு", "அது எப்படி ஆவும்" என்று விவாதித்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான் இருப்போம். எனக்குத் தமிழில் சிந்திக்கவும் கோபப்படவும் கிடைத்த ஒரே இடம் அது.

எங்கள் தகராறு என் கணக்கின் நடுவில் வரும் ஒரே ஒரு படியை, அந்த நடுப்படியைப் பற்றியது. மற்றவர்கள் கணக்குப் போடும்போது, கருந்துளைக்கு வெளியே வெகுதூரத்தில் ஈர்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். அப்போது உள்ளே எவ்வளவு தடயம், வெளியே எவ்வளவு என்று பிரித்து எண்ணுவது எளிது. நிஜ உலகில் ஈர்ப்பு எங்கும் இருக்கிறது. எந்தப் பொருளின் இழுப்பும் எவ்வளவு தூரத்திலும் கொஞ்சம் எட்டும். அப்போதும் பிரித்து எண்ணலாம், பிரிக்கும் கோடு கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் அந்த மங்கல் மிகச் சிறியது என்பது என் வாதம். அதன் மேல்தான் என் முடிவு நின்றது.

"வேலியே போட முடியாத எடத்துல உள்ள எவ்ளோ, வெளிய எவ்ளோன்னு நீ எப்படி எண்ணுவ?" என்பார் ரகு.

அந்தக் கேள்விக்கு நான் பதில் கண்டுபிடிப்பதற்குள் அவர் போய்விட்டார். மாரடைப்பு. ஒரு வியாழக்கிழமை. அவருடைய அலுவலகத்திலிருந்து யாரோ மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

கண்ணமங்கலத்தில் அவர் வீட்டு முன் பந்தல் போட்டிருந்தது. வாசலில் ஒருவர், "நீங்க யாருங்க?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"கூட வேலை செஞ்சவங்க."

"ஆபீஸ்காரங்கெல்லாம் அப்பிடி குந்தியிருக்காங்க பாருங்க."

பிளாஸ்டிக் நாற்காலிகளின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே அவர் மனைவி மங்கையின் அழுகுரல் கேட்டது. அக்கா, தங்கை, அத்தை என்று ஒவ்வொருவராக உள்ளே ஓடினார்கள். ஒவ்வொருவருக்கும் அழ ஓர் உறவுமுறை இருந்தது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. யாரோ காகிதக் குவளையில் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

குடை பிடித்தவள்

அந்த ஐரோப்பியக் கருத்தரங்கின் அழைப்பு மலைக்கு வந்து சில மாதங்கள் கழித்து வந்தது. ரகு இல்லாமல் நான் பேசப்போகும் முதல் உரை. ஒத்துக்கொண்டேன். நடுப்படியை ஒரே வரியில் தாண்டிப் போய்விடலாம் என்று திட்டம். யாரும் கவனிக்காவிட்டால் என் முடிவு நிற்கும். ரகு இருந்தால் விட்டிருக்க மாட்டார். ரகுதான் இல்லையே.

ஆலங்காயத்தில் மாமன் மகன் வீட்டில் நல்ல இணைய வசதி உண்டு. அங்கிருந்து பேசுவதாக ஏற்பாடு. அன்று பார்த்து, மழையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. ஜீப்பும் கீழேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் டவர் பாறை.

சின்னபாப்பாவும் பாறைக்குத்தான் வந்திருந்தாள். குடகிலிருந்து கணவர் பேசி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தோட்டத்தில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கூப்பிடுவார் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தூறல் விழவும், தானாகவே வந்து குடையை விரித்தாள்.

உரை முக்கால்வாசி நன்றாகத்தான் போயிற்று. நடுப்படிக்கு வந்தபோது முகம் நின்றுவிட்டது.

"இன்னும் எவ்ளோ சொல்லணும் நீ?" என்றாள் சின்னபாப்பா.

"முக்கியமானதே இனிமேதான் பாப்பா."

"அப்ப எங்கிட்ட சொல்லேன். அந்தாளு போன் வர்ற வரைக்கும் நானும் சும்மாதானே நிக்கணும்."

சொன்னேன். எல்லையைப் பற்றிச் சொன்னேன்.

"உள்ள பூந்தா வெளிய வர முடியாதா? அப்புறம் இன்னாத்துக்கு அதுங்கிட்ட போறாங்க?"

"யாரும் போகல. எல்லாம் கணக்குலதான்."

"கணக்குலயா!" என்றாள். நிம்மதியா, ஏமாற்றமா என்று தெரியவில்லை. கண் போனிலேயே இருந்தது.

பிறகு ரகுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியாது. திரை நின்றுபோயிருந்தது, எதிரே நின்றவளுக்கு நான் சொல்வதில் பாதி புரியவில்லை, அதனால் இருக்கலாம். நடுப்படியைச் சொன்னேன். அதை அவர் எப்படி மறுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அவர் கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல பாப்பா. இன்னிக்கு அந்த எடத்த ஒரே வரியில தாண்டிடலாம்னு பார்த்தேன்" என்றேன்.

"அவுரு உனுக்கு இன்னா வேணும்?"

"ஒறவு ஒண்ணும் இல்ல. கூட கணக்கு போட்டவரு."

"அதுக்கா அழுவுற?"

அப்போதுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணு தோணிச்சுன்னா, அவருகிட்ட சொன்னாத்தான் அது தோணினதாவே ஆவும். இப்பவும் தோணுது. சொல்ல ஆளில்ல. உள்ளேயே கெடந்து கெட்டுப்போவுது" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. குடையை என் கையில் திணித்துவிட்டுப் பாறையின் அந்தக் கோடிக்கு ஓடினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, "எங்க போய்ட்ட? ஏன் பேசல?" என்று கத்துவது கேட்டது.

மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மண்டபத்தில் கேட்டது

மறுநாள் காலை பாறைக்குப் போனபோது ஒரு செய்தி காத்திருந்தது. தமிழில் இருந்தது. எழுதியவர் பெயர் தாரணி. நார்வேயில் ஆராய்ச்சி செய்கிறவர். பெற்றோர் யாழ்ப்பாணம்.

"வணக்கம். உங்களுக்கு எங்கட படம் நிண்டிருக்க வேணும். எங்களுக்கு உங்கட குரல் நிக்கேல்ல. நீங்கள் அந்த அக்காவோட கதைச்சது முழுக்க மண்டபத்தில கேட்டது. நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தனாங்கள், உங்களுக்குக் கேக்கேல்ல. அங்க தமிழ் தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான். தலைமை தாங்கினவர் என்னை மொழிபெயர்க்கச் சொன்னவர். செய்தது பிழையெண்டால் மன்னிக்க வேணும்."

பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காது இரண்டும் சுட்டன.

எனக்கு வருவது மட்டும்தான் நின்றிருக்கிறது. இங்கிருந்து போவது போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அழுதது, மூக்கை உறிஞ்சியது, சின்னபாப்பா "கணக்குலயா!" என்றது, எல்லாம்.

அன்று முழுக்க வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. இனி அந்த மனிதர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே யோசனை. இரண்டு நாள் கழித்துத்தான் தாரணியைக் கூப்பிட்டேன்.

"அழுததையும் சொன்னீங்களா?"

"இல்லை. அது சொல்லத் தேவையில்லை. எல்லாருக்கும் விளங்கினது." பிறகு அவரே, "உங்கட நண்பர் கேட்ட கேள்வியைச் சொன்னன். அதுக்குப் பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்க எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைச்சவை" என்றார்.

ரகுவின் பெயரை அந்த மண்டபத்தில் ஒருவர் கரும்பலகையில் எழுதினாராம். எழுத்துப் பிழையோடு.

சுவருக்கு அந்தப் பக்கம்

தாரணியும் நானும் சேர்ந்து அந்த நடுப்படியை எடுத்துக்கொண்டோம். அவர் பொறுமைசாலி. சத்தமே போட மாட்டார். நான் தவறாகச் சொன்னால், "அப்படியும் இருக்கலாம்" என்பார். நல்ல பெண். ஆனால் ஒவ்வொரு முறை பேசி முடித்ததும், யாரும் என்னைத் திட்டவில்லையே என்று வெறுமையாக இருக்கும்.

பொங்கல் கழிந்து சின்னபாப்பா குடகுக்குப் போனாள். கணவருக்குக் காலில் அடி. அன்று போனில் அதைத்தான் மறைத்திருக்கிறார். அங்கேயே மிளகு பறிக்கிற வேலை இவளுக்கும் கிடைக்கும் என்றார்கள்.

"எப்ப வருவ பாப்பா?"

"யாருக்குத் தெரியும்க்கா. நீ வேளைக்குச் சாப்புடு. வெறும் டீயக் குடிச்சிட்டு குந்தினு இருக்காத."

ஜீப்பின் பின்பக்கம் ஏறி, மூட்டையின் மேல் உட்கார்ந்து போனாள். அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ இல்லை. அவ்வளவு அமைதியாக ஓர் இடம் இருக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. புளி அடிக்கும் பருவம் வந்தது. தூரத்தில் பெண்கள் கட்டையால் புளியம்பழத்தைத் தட்டும் சத்தம் மட்டும் பகலெல்லாம் வரும்.

அந்தப் பருவத்தில்தான் கணக்கு முடிந்தது.

ரகு சொன்னதுதான் சரி. நான் மிகச் சிறியது என்று ஒதுக்கிய மங்கல் சிறியதே இல்லை. கருந்துளை இளைத்து முடியப்போகும் கட்டத்தில் அது வளர்ந்து, என் எண்ணிக்கை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. தடயம் வெளியே வருகிறது என்று என் கணக்கால் சொல்ல முடியாது. வரவில்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் போட்ட சண்டையில் தோற்றுவிட்டேன்.

கட்டுரையில் மூன்று பெயர்கள் போட்டோம். ரகுவின் பெயர் முதலில்.

சரியாகிவிட்ட கணக்குக்கு ஒரு சந்தோஷம் உண்டு, தோற்றவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் தோற்றேன் என்பதை ஜெயித்தவரிடம்தானே சொல்ல வேண்டும்? வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஓட்டு வீட்டில் அது அசட்டுத்தனமாகக் கேட்டது.

கண்ணமங்கலம்

விடுப்பு முடிந்து மலையிலிருந்து இறங்கிய வாரம், கண்ணமங்கலம் போனேன். சொல்லாமல்தான் போனேன்.

மங்கை கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியுமில்லை.

"ரகுநாதன் சாரோட கூட வேலை செஞ்சவங்க" என்றேன், மறுபடியும்.

"செவ்வாக்கெழம போன் பண்றவங்களா?" என்றார்.

நான் தலையசைத்தேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "உள்ள வாங்க. ஏன் வெய்யில்ல நிக்கிறீங்க" என்று கூப்பிட்டு, மின்விசிறியைப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "ஒரு விஷயத்துல எனக்கும் அவருக்கும் ரொம்ப வருஷமா தகராறு. இப்ப கணக்கு முடிஞ்சிடுச்சு. அவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு. அத யார்கிட்டயாவது சொல்லணும்னு..."

"அப்ப உள்ள வுழுந்தது வெளிய வருதா, வரலியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா பாக்குறீங்க? நீங்க போன வெச்ச பெறகு ராத்திரி சோறு துன்ற வரைக்கும் இதேதானே பொலம்புவாரு."

"தெரியாது. அந்தக் கணக்கால சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சிருக்கு. அவரும் அதத்தான் சொன்னாரு."

மங்கை சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"இந்த வூட்ல ஒரு தடவகூட அவுரு ஜெயிச்சதில்லீங்க. எங்கிட்டயும் சரி, புள்ளைங்ககிட்டயும் சரி."

எழுந்து, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் போனார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "இன்னாங்க, கேட்டுக்கினீங்களா? நீங்க ஜெயிச்சிட்டீங்களாம். அவங்களே வந்து சொல்றாங்க" என்றார், அடுத்த அறையில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்.

எனக்கும் அந்தப் படத்தின் முன்னால் போய் நின்று ஒன்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மங்கை இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவர்கள் வீடு. நான் மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வேலூர் பஸ் எப்போது வரும் என்று கேட்டேன்.